நீர் நின்ற அளவு

தஞ்சாவூர் ஷோரூமில் பத்தே நிமிடம்.
டை கட்டிய பையன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான்.
வடுவூர்ச் சாலையில் காயும் நெல்லுக்குக்
காவல் வைத்த கல் கீறிய கோட்டைப்
படமெடுத்தான். டேப்லெட் யோசித்தது.
பேட்டரி நலம் எண்பத்தாறு.
ஐந்து லட்சத்துப் பத்தாயிரம்.
'சாயங்காலம் ஆறு வரைக்கும்தான் இந்த விலை, மேடம்.'

சாவியைக் கொடுத்திருக்கலாம்.
புதுசின் விலையில் கழித்துக்கொண்டிருப்பார்கள்.
யாருக்கு விற்றேன் என்று எனக்குத் தெரியாது,
யாரிடம் வாங்கினேன் என்று அந்த யாருக்கோ தெரியாது.
நடுவில் கண்ணாடிக் கதவு, குளிர்காற்று,
பேப்பர் கப்பில் காபி.

வெளியில் விற்றால் ஆறுக்குப் போகும் என்று
ஆபீஸில் ரெங்கராஜன் சொல்லியிருந்தார்.
தொண்ணூறாயிரம்.
மன்னார்குடிக்கே திரும்பினேன்.

ஒருவர் பானெட்டைத் திறந்து
என்ஜினைத் தேடினார்.
ஒருவர் மழையில் ஷாக் அடிக்குமா என்றார்.
முத்துப்பேட்டைக்காரர் போனிலேயே
'நாலரைக்கு முடிங்க' என்று
பார்க்காமலே முடித்தார்.
இரண்டு பையன்கள் பாமணிப் பாலம் வரை ஓட்டி
செல்ஃபி எடுத்து
அப்பாவைக் கேட்டுச் சொல்றோம் என்று போனார்கள்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எட்டாம் நாள் உத்திராபதி. திருமக்கோட்டை.
'வாரம் மூணு நாள் தஞ்சாவூர் மெடிக்கல்.
செங்கமலத்துக்கு டயாலிசிஸ்.
வாடகைக் கார் கட்டுப்படியாகலை.'
டயரை உதைக்கவில்லை. பானெட்டைத் தொடவில்லை.
பின்சீட்டில் ஏறிப் படுத்துப் பார்த்தார்,
அவள் உயரத்துக்குத் தன் காலை மடக்கி.

ஒன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை.
போன கார்த்திகையில் கோரையாறு உடைத்துக்கொண்ட இரவு
வண்டி நின்ற இடத்தில் நீர்
கதவுப்படி வரை ஏறி
விடியுமுன் வடிந்தது.
சர்வீஸில் ஒன்றுமில்லை என்றார்கள்.
டேப்லெட்டும் கண்டுபிடிக்கவில்லை.

என் வேலை
பயிர்க் காப்பீட்டுக்கு நட்டம் அளப்பது.
முழங்கால் சேற்றில் நின்று
சம்பா எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது என்று கேட்பேன்.
நாலு என்பார்கள்.
தாளின் நிறத்தைப் பார்த்து
இரண்டு என்று எழுதுவேன்.
பொய் சொல்லாதீங்க என்று
அப்பா வயதுக்காரர்களிடம் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

அவர் எழுந்து உட்கார்ந்தபோது சொன்னேன்.
கதவுப்படியைத் தொட்டு, இதுவரைக்கும் என்று.
அவரும் அங்கே விரல் வைத்தார்.
'எவ்வளவு நேரம் நின்னுச்சு?'
நாலு மணி நேரம் என்றேன்.
உண்மையிலேயே நாலுதான்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
தாளின் நிறம் பார்ப்பதுபோல.

ஐந்தே காலுக்கு முடிந்தது.
ஷோரூமைவிடப் பதினைந்தாயிரம் கூட.
ஆர்.சி. மாற்ற அலைந்த லீவு நாட்களைக் கழித்தால்
ரெங்கராஜன் சிரிப்பார். சிரிக்கட்டும்.

போனிலிருந்த வண்டிச் செயலியை மட்டும்
உடனே நீக்கவில்லை.
செவ்வாய், காலை ஐந்தே முக்கால்: வடுவூர் தாண்டுகிறது.
ஆறரை: மெடிக்கல் காலேஜ், அறுபத்தெட்டு சதவீதம்.
பதினொன்று வரை அசைவில்லை.
வியாழனும் அப்படியே.
சனிக்கிழமை மழை.
திரும்பும் வழியில் வடுவூர் ஏரிக்கரையில்
இருபது நிமிடம் நின்றது வண்டி.
எனக்கு உள்ளங்கை வேர்த்தது.
கதவுப்படி, கதவுப்படி என்று
ஒரே சொல் ஓடியது தலைக்குள்.
போன் போட்டேன்.

'இல்லம்மா, அவளுக்கு வாந்தி.
இறக்கி வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுத்தேன்.
வண்டி நல்லாத்தான் இருக்கு.'
பிறகு கொஞ்சம் கழித்து,
'ஆமா, நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?'

நீக்கவா என்றது செயலி.
உறுதிதானா என்று மறுபடியும்.
கார் ஷெட்டில்
சார்ஜரின் பச்சை விளக்கு
எதிலும் செருகப்படாமல்
எரிந்துகொண்டிருந்தது.